கண்ணாடி அறையிலிருந்து பிழை எழுதுகிறவர்கள்

எங்கள் வீட்டில் விளையாட்டுப் பார்க்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கும் தெருவில் கோடைகாலத்துப் பின்னேரங்களில் வீட்டுக்கு வீடு பேஸ்போல்தான் ஓடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போடும் சத்தம் நான் சமைக்கிற குசினிவரை கேட்கும். என்னுடைய மகன் அன்ரன் மட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்து பார்ப்பான். அடிக்கிறவனைப் பார்க்கமாட்டான். தூரத்தில் சும்மா நிற்கிறவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று பார்த்துக் கணினியில் தட்டிக்கொண்டிருப்பான். இதற்காகத்தான் பல்கலைக்கழகம் படித்த பிள்ளை நல்ல உத்தியோகத்தை விட்டான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வராது, அழுகையும் வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். விருந்தாளி வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் தடியும் பந்தும் வைத்து எல்லே விளையாடுவார்களே, அதற்குச் சப்பாத்தும் நீளக் கால்சட்டையும் போட்டுவிட்டது மாதிரி ஒன்று. எல்லே விளையாடின பிள்ளைகள் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் போவதில்லை. பத்துத் தரம் வந்து மூன்று தரம் ஒழுங்காக அடிக்கிறவனைப் பெரிய கெட்டிக்காரன் என்கிறார்கள். எங்கள் வாத்தியார் பத்துக்கு மூன்று எடுத்தவனை முழங்காலில் நிற்க விட்டிருப்பார். எறிகிறவன் பராக்குப் பார்க்கும் நேரத்தில், அடித்துவிட்டு நிற்கிறவன் அடுத்த இடத்துக்கு ஓடிவிட்டால் அதற்குப் பெயர் களவு. அந்தக் களவையும் வெட்கமில்லாமல் ஒவ்வொன்றாக எண்ணி, இவன் இத்தனை களவெடுத்தான் என்று பெருமையாக எழுதி வைக்கிறார்கள். எழுதுகிறவர்களில் ஒருவன் என் வயிற்றில் பிறந்தவன்.

அன்ரன் முதலில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் இருந்தான். எந்த வயதில் யார் சாவார் என்று கணக்குப் பார்க்கிற வேலை. அதுவாவது வெளியில் சொல்லக்கூடியது. பிறகு இந்தப் பைத்தியம் பிடித்தது. பேஸ்போல் கணக்கைப் பற்றி எழுதின முதல் புத்தகத்தைத் தானே அச்சடித்தான். விற்காத பெட்டிகள் நிலவறையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. அரிசி முடிய முடிய வந்தது, புத்தகம் முடியவேயில்லை. இரண்டாவதை ஒரு பதிப்பகம் எடுத்தது. அதற்குள் நான் விரித்த பக்கமெல்லாம் பெட்டி பெட்டியாகக் கோடு கீறி இலக்கங்கள். ஒரு வசனம் வாசிப்பதற்குள் நாலு அட்டவணை. மூன்றாவது புத்தகம் வந்த பிறகுதான் வானொலியில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிரதியோடு வந்து கதவைத் தட்டி, உன் மகன் பெரிய மூளைக்காரன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஓம், வேலை இல்லை என்றேன். அவர் பகிடி என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

இந்த மூன்றாவது புத்தகத்தால்தான் வினை வந்தது. அமெரிக்காவில் ஒரு நகரத்து அணி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. அந்த நகரத்தின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. அன்ரன் கல்யாணம் கட்டவில்லை, வீட்டில் அவனும் நானும்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"நீங்கள் வந்தால் போறன் அம்மா. வராட்டி இல்லையெண்டு சொல்லிப்போடுவன்."

விளையாட்டு நடக்கிற ஆறு மாதமும் அங்கே, குளிர்காலம் முழுக்க இங்கே பிக்கரிங்கில் மகள் மெற்றில்டா வீட்டில் என்று ஒழுங்கும் வைத்திருந்தான். எல்லோரும் பனிக்குப் பயந்து வெளியே ஓடுவார்கள், நான் பனிக்கென்று பார்த்துத் திரும்பி வரவேண்டும். நான் எழும்பிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

இடம் மாறுவது எனக்குப் புதிதில்லை. அதனால்தான் பயம். சண்டைக் காலத்தில் எங்கள் கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது, கிளம்புவோம் என்று சொன்னவள் நான். கணவர் அரைமனதோடு படகு ஏறினார். இரண்டு பிள்ளைகளையும் மடியில் அமத்திக்கொண்டு இந்தியக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முகாமில் காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். பிள்ளைகளோடு நான் ரொறன்ரோ வந்தது அதற்குப் பிறகு. அவருடைய தமையன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், அந்தக் காலம் முழுக்கக் கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். ஒரு தந்திகூட அடித்ததில்லை. தம்பி செத்தபிறகு மட்டும் வாய் திறந்தார். அவசரக்காரி, என் தம்பியைக் கடலில் இழுத்துக்கொண்டு போனாள் என்றார். இப்போது அவரும் இங்கே வந்து மில்லிக்கனில் பெரிய வீடு கட்டி இருக்கிறார். கல்யாணம், பிள்ளைகளின் முதல்நன்மை, செத்தவரின் முப்பத்தோராம் நாள், எங்கே கண்டாலும் அந்தக் கதையை ஒருதரம் இறக்கி வைப்பார். நான் குசினிப்பக்கம் போய்விடுவேன்.

இந்த நேரத்தில் மெற்றில்டாவுக்கு ஒரு ஆசை வந்தது. தம்பியின் மூன்றாவது புத்தகத்துக்குக் கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா வைக்கவேண்டுமாம். இங்கே எங்கள் ஆட்களுக்குப் புத்தகம் என்றால் வெளியீடு, வெளியீடு என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புப் பிரதி, கடைசியில் தின்ன ரோல்ஸ். அது கவிதைப் புத்தகமா, ஆங்கிலத்தில் எழுதின பேஸ்போல் கணக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா இருக்க வேறு ஆளைத் தலைமைக்குக் கூப்பிடமுடியாது என்று மச்சானையே கூப்பிட்டாள். முதற்பிரதி வாங்க என்னை மேடையில் ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தி, எழும்ப முடியாமல் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் இருத்தினார்கள். அங்கே குசினி இல்லை.

மச்சான் தலைமையுரை செய்தார். புத்தகத்தை அவர் திறக்கவில்லை, அதைச் சுற்றின பொலித்தீன்கூடக் கிழியவில்லை. தமிழன் ஆதியிலேயே பந்தாடினான் என்று தொடங்கி, கிரிக்கெட்டுக்கு எங்கள் இனம் செய்த சேவைக்கு வந்து, பேஸ்போல் என்ற சொல்லைத் தொடாமலே சுற்றிவந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். என் தம்பி இன்றைக்கு இந்த மண்டபத்தில் இருந்திருக்கவேண்டும் என்றார். யாரோ அவசரப்பட்டுக் கடலில் இறங்காமல் இருந்திருந்தால் இருந்திருப்பான் என்றார். யாரோ என்றபோது மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் பொன்னாடைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தவர்களும் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒருவர் தன்னுடைய புத்தகத்தைப் பற்றிப் பேசினார். பின்வரிசை ரோல்ஸ் தட்டுகளின் பக்கம் நகரத் தொடங்கியது.

கடைசியில் அன்ரன் ஏற்புரைக்கு எழும்பினான். ஆங்கிலத்தில் பேசுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அம்மாவுக்கு விளங்கவேணும் எண்டு தமிழிலை சொல்லுறன்" என்று தொடங்கினான். அவனுடைய தமிழ் தடக்கித் தடக்கித்தான் வரும். ஆனாலும் சொன்னான். விளையாட்டு மைதானத்தில் மேலே ஒரு கண்ணாடி அறை இருக்கிறதாம். அதற்குள் ஒருவர் இருந்து, பந்தைத் தவறவிட்டவனின் பெயருக்கு நேரே பிழை என்று எழுதுகிறாராம்.

"தூரத்திலை விழுற பந்துக்கு ஒருத்தன் உயிரைக் குடுத்து ஓடுறான். கையிலை பட்டு விழுகுது. அவனுக்குப் பிழை எழுதுவினம். இன்னொருத்தன் ஓடவேயில்லை, நிண்ட இடத்திலையே நிக்கிறான். பந்து கிட்டவும் போகேல்லை. அவனுக்குப் பிழை இல்லை. வருஷ முடிவிலை பார்த்தால் நிண்டவன் சுத்தமான ஆள், ஓடினவன் பிழைகாரன். இந்தக் கணக்குப் பொய் எண்டுதான் நான் மூண்டு புத்தகமும் எழுதினது."

அவ்வளவுதான் சொன்னான். என்னையும் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை. மச்சான் தலையை ஆட்டிக் கைதட்டினார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அந்தக் கைதட்டிலேயே தெரிந்தது. நான் மடியிலிருந்த முதற்பிரதியைத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருடம் இவன் புத்தகங்களைத் தூசி தட்டித் தட்டி அடுக்கினவள் நான். உள்ளே இதுதான் இருக்கிறதென்று ஒரு மனிதரும் எனக்குச் சொல்லவில்லை. அவனும்தான் சொல்லவில்லை. அட்டவணைக்குள் ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

ரோல்ஸ் மேசையடியில் மெற்றில்டா அமெரிக்க வேலைக் கதையை அவிழ்த்துவிட்டாள். மச்சான் பற்றிஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"இந்த வயசிலை ஊர் ஊராய் உலையிறது பிழை மச்சாள். ஒருக்கா அவசரப்பட்டுக் கண்டதை மறந்திட்டீரே? பேசாமல் ஒரு இடத்திலை இரும்."

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். போவதற்குக் குசினி இல்லாதபடியால் அங்கேயே நின்று சொன்னேன்.

"நான் மகனோடை போறன் மச்சான். என்ர பேரிலை இன்னொரு பிழையை எழுதிவிடுங்கோ."

மச்சான் பற்றிஸைக் கடித்தார். நான் காணவில்லை, எனக்குப் பின்னால் அன்ரன் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, "உண்மையாத்தானோ அம்மா?" என்று கேட்டான். "ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

அதற்காக நான் பேஸ்போலை மெச்சத் தொடங்கிவிட்டேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். வளர்ந்த ஆம்பிளைகள் துப்பித் துப்பி நிற்கிற விளையாட்டு அது. ரொறன்ரோவையும் நான் ஒருநாளும் என் ஊர் என்று சொன்னதில்லை. குளிருக்கும் வாடகைக்கும் திட்டினதுதான் அதிகம். போனகிழமை அன்ரன் வேலைக்குச் சேரப்போகும் அணி இங்கே விளையாட வந்தது. வரவேற்பறையில் பயணப் பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. அவன் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எங்களுக்கு இனிமேல் சோறு போடப்போகிறவர்கள் சாம்பல் நிறச் சட்டையில் மைதானம் முழுக்க நின்றார்கள். ரொறன்ரோப் பெடியன் ஒருவன் அடித்த பந்து மதிலுக்கு மேலால் போனது. பக்கத்து வீட்டில் கூச்சல் எழும்பியது. என்னுடைய கை இரண்டும் தாமாகச் சேர்ந்து தட்டிவிட்டன. அன்ரன் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். வெங்காயத் தோல் ஒட்டின கைகளை மடியில் வைத்து அமத்திக்கொண்டேன். அடுத்த பந்துக்கு அவை மறுபடி கிளம்பப் பார்த்தன.