அம்மா மனப்பாடம் செய்த பாட்டு

ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு பொய் சொல்லி, அதைப் பல மாதங்கள் கட்டிக் காப்பாற்றி வந்தேன். என் அம்மா ஏதோ ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்பதுதான் அந்தப் பொய். உண்மையில் அவள் பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையோரத்தில் அன்னக்கூடையில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். என் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில். அம்மா உட்காரும் இடத்துக்கும் அதற்கும் நடந்தால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தூரத்தை நம்பித்தான் அவ்வளவு தைரியம்.

எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் பன்னிரண்டு வரிப் பாட்டு ஒன்று இருந்தது. மலை, நிலா, மயில் எதுவும் கிடையாது. ஒரு சாதாரண வீட்டில் காலையில் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆண்டுவிழா ஒப்பித்தல் போட்டிக்குத் தமிழ் டீச்சர் எனக்கு அதைக் கொடுத்துவிட்டார். சப்பென்று போய்விட்டது. மயில் பாட்டு கிடைத்த பெண் அட்டையில் தோகை செய்து கட்டிக்கொள்ளப் போகிறாள். உலைமூடியைப் பற்றிய பாட்டுக்கு நான் எதைக் கட்டிக்கொள்வது?

சாயங்காலம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேண்டாவெறுப்பாகக் கத்தினேன்.

"கொதிக்கும் உலையின் மூடி கொட்டும் தாளம் கேளாய், கொடியில் காயும் ஈரச் சேலை ஆடும் ஆட்டம் பாராய்..."

விற்காமல் மிஞ்சிய மீனைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"யாருடி எயுதினது இத? நம்ம வூட்டாண்ட வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா மாரி கீதே!"

"தெரியாதும்மா. புக்குல போட்டிருக்கு."

"சரி, திருப்பிப் படி."

அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆனால் நாலு நாளில் எனக்கு முன்னால் பாட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சோறு வடிக்கும்போது முணுமுணுப்பாள். துணி உலர்த்தப் போனால் சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, அது ஆடுகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். "உங்கம்மாவுக்குப் பாட்டு புடிச்சிகிச்சு" என்று அப்பா, ஏதோ ஜுரம் பிடித்ததைப்போலச் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். ஓடிப் போனேன். கையில் ஒரு சங்கரா மீன்.

"இது கண்ணப் பாரேன் பாப்பா. செவப்புக்குள்ள தங்கத்துல வளையம் போட்டா மாரி கீது. இத்தினி வருசமா வெட்டிகினு கீறேன், இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மீன் கண்ணைப் பார்க்கவா கூப்பிட்டாய் என்று எரிச்சலோடு திரும்பிவிட்டேன்.

போட்டி என்றைக்கு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறாள். போட்டியன்று மேடையேறி ஆறு வரி கணீரென்று சொன்னேன். ஏழாவது வரி வரவில்லை. முன்வரிசையில் தமிழ் டீச்சர் உதட்டை அசைத்து எதையோ காட்டினார், எனக்குப் புரியவில்லை. மின்விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது கூட்டத்துக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து, மீன் கூவி விற்றுப் பழகிய குரல் ஒன்று:

"பாப்பா! 'வாசல் தெளித்த நீரில் வந்து குளிக்கும் வெயிலைக் காணாய்'னு வரும் பாரு!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. தூக்கிச் செருகிய சேலையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். முழங்கையில் ஒட்டியிருந்த செதில்கள் மேடைவரை மின்னின. நான் தரையைப் பார்த்தபடி மிச்ச வரிகளைச் சொல்லி முடித்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். யாருக்கு என்று எனக்குச் சந்தேகம்.

கீழே இறங்கியதும் என் பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்டாள், "உங்கம்மா ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துட்டாங்களா?" அவள் கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் சொன்னேன்: "இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா."

முழங்கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டிக்கொண்டே நடந்தாள். பிறகு, "நாத்தம் அடிச்சுதா?" என்று கேட்டாள்.

"ம்."

"சரி, வரல." தலையிலிருந்த கூடையைச் சரிசெய்துகொண்டு எனக்குப் பத்தடி முன்னால் போய்விட்டாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன செய்வது என்று நானும் மெதுவாகவே நடந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை எதையும் படிக்கச் சொல்லவில்லை. எந்த மீனின் கண்ணையும் காட்டக் கூப்பிடவில்லை. கோபமாக இருந்தால் திட்டியிருப்பாள், திட்டவும் இல்லை. எப்போதும்போலச் சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள். வீட்டில் ஏதோ குறைந்திருந்தது. அது என்ன என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் குடியிருப்பில் சமையலறைக் குழாயில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரம் அம்மா யாரோடும் பேசமாட்டாள். சாமியே வந்து கதவைத் தட்டினாலும் குடம் நிறையட்டும் என்பாள். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து, புத்தகத்தில் அடுத்த பாட்டை எடுத்துத் தேவைக்கு அதிகமான சத்தத்தில் படித்தேன். எனக்காகவே படிக்கிற மாதிரி, அவள் பக்கம் திரும்பாமல். மூன்றாவது வரியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் நிறுத்தாமல் கடைசிவரை படித்தேன்.

படித்து முடித்து எழுந்து போய்ப் பார்த்தால், மூடிய குழாயில் கை வைத்தபடி அம்மா உட்கார்ந்திருக்கிறாள். குடம் பாதிகூட நிறையவில்லை.

"தண்ணி நின்னுடும்மா! இப்படியா மூடி வெச்சுக்கினு உக்காந்திருப்ப?" என்று அவளை நான் அதட்டினேன்.

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டு அம்மா குழாயைத் திறந்தாள்.