மணிக்கு நூறு ரூபாய்

போன ஞாயிறு தாயில்பட்டியில் என் சித்தப்பா மகள் செல்வி எனக்கு இடது கையால் டீ கொடுத்தாள். தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். நினைப்பேனா? வலது கையில் விரலிலிருந்து முழங்கை வரை கட்டு. அந்தக் கட்டில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்பு அவள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மணி நேரம், நானூறு ரூபாய். அங்கேயே வெடிக்குள் மருந்து அடைக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஐந்து மணி நேரம்தான். ஐநூறு ரூபாய். பயமாக இருக்கிறது, போகலாமா என்று என்னிடம் கேட்டாள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற அப்பாவி அவள்.

நான் என்ன செய்தேன்? காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நானூறை எட்டால் வகுத்தால் மணிக்கு ஐம்பது. ஐநூறை ஐந்தால் வகுத்தால் நூறு. அப்படியே இரண்டு மடங்கு, இதில் என்ன யோசனை என்று மேதாவியாகக் கேட்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம்... அதே ஐநூறு ரூபாய் வேலையை நாலு மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு நூற்று இருபத்தைந்து என்றும் சொல்லிக்கொடுத்தேன். தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

நாலு மணி நேரத்தில் முடிக்கத்தான் பார்த்திருக்கிறாள். மருந்து வேலையில் அவசரம் ஆகாது — லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும். இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கணக்குப் போட்டேன். இப்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க சரியாத்தான் போட்டீக அண்ணே. மணிக்கு நூறுன்னீக. அது எம்புட்டு நாளைக்குன்னு நாந்தான் கேக்காம விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் தேவலை. எதையாவது பேச வேண்டுமே என்று, பழையபடி பெட்டி ஒட்டக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன்.

“ஒத்தக் கைய வச்சு எப்படிண்ணே ஒட்ட?”

பூஜ்யத்தை எட்டால் வகுத்தாலும் பூஜ்யம், ஐந்தால் வகுத்தாலும் பூஜ்யம். இந்தக் கணக்குக்குக் காலண்டர் தாள் தேவைப்படவில்லை.