மூன்று கை உப்பு

என் ஓரகத்தி கனகவல்லி, லாலாகுடாவில் ஒரு பள்ளிக்கூட லேபில் இருபத்தெட்டு வருடம் கண்ணாடிக் குவளை கழுவினவள். படிப்பு என்னைப் போல ஐந்தாவதுதான். ஆனால் பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போனதும் அவளும் ஒரு கண்ணை வைத்துவிடுவாள்.

போன தையில் அவள் மகள் அக்ஷதாவுக்கு நிச்சயதார்த்தம். பையனின் அப்பா ஜகதீசன் ஏ.எஸ்.ராவ் நகர்க்காரர், குறை சொல்லாமல் இலையை விட்டு எழுந்ததில்லை என்று பேர். சமையலுக்கு ஆள் வைத்தும், "கோசுமல்லி மட்டும் என் கையால்தான்" என்று கனகவல்லி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும்முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது. அதில்தான் வந்தது வினை. கனகவல்லி கோசுமல்லிக்கு உப்புப் போட்டுவிட்டுப் புடவை மாற்றப் போனாள். அவள் மறந்திருப்பாள் என்று நாத்தனார் மைதிலி ஒரு கை போட்டாள். இரண்டு பேருமே மறந்திருப்பார்கள் என்று நான் ஒரு கை போட்டேன்.

அரை மணியில் வெள்ளரித் துண்டுகள் துவண்டு, தண்ணீரில் மிதந்தன.

"யாரு தண்ணி ஊத்தினது?" என்றாள் மைதிலி.

"உள்ளே இருந்த தண்ணிதான் அண்ணி. எத்தனை பேர் உப்புப் போட்டீங்க?" என்றாள் புடவை மாற்றி வந்த கனகவல்லி.

நாங்கள் மின்விசிறியைப் பார்த்தோம்.

"பச்சடின்னு பேர் வெச்சிடலாமா?" என்றாள் மைதிலி.

"நக்கோ, வேண்டாம். லேப்ல வெங்காயத்தோல்ல பார்த்திருக்கேன். உப்புத்தண்ணி விட்டா, சவ்வைத் தாண்டி உள்தண்ணி வெளியே ஓடிடும், தோல்ல இருக்கிற குட்டிக் குட்டி அறைக்குள்ளே எல்லாம் சுருங்கிடும். சீக்கிரமா நல்ல தண்ணி விட்டா திரும்ப உள்ளே போய் உப்பிக்கும்."

அலசி, ஃபிரிட்ஜ் தண்ணீரில் போட்டாள். மூன்று பேரும் பாத்திரத்தைச் சுற்றி நின்று, சிரிப்பை அடக்க வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டோம். வாசலில் கார் வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் துண்டுகள் நிமிர்ந்தன; முழுக்க இல்லை, முக்கால்வாசி.

மிச்சம் எவ்வளவு உப்பு இருக்கும்? யாருக்கும் தெரியாது. படைத்த கையோடு இலை போட்டாயிற்று. கனகவல்லி உப்பு ஜாடியை இடுக்கிக்கொண்டே பரிமாறினாள்.

ஜகதீசன் கடித்தார். மொறுக்கென்று கேட்டது. "உப்பு..." என்று இழுத்தார்.

அலசினதில் உப்பே போய்விட்டது என்று நானும் மைதிலியும் ஆளுக்கொரு பிடி உப்போடு ஓடினோம்.

"கம்மியா இருக்கே. எனக்கு பிரஷர்மா, எந்த வீட்லயும் இதை நினைக்கிறதில்லே. கோசுமல்லி இன்னும் கொஞ்சம் வைங்க."

"உங்களை நினைச்சுத்தான் செஞ்சேன், சம்பந்தி" என்றாள் கனகவல்லி, எங்கள் பக்கம் திரும்பாமலே.

நாங்கள் உப்புக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டோம்.