என் கண்ணுக்குள் கேழ்வரகு

வைக்கோல் போரில் வண்டியை விட்ட அன்றே என் மருமகள் மொபெட் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். போருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. கூடையிலிருந்த கத்திரிக்காய்தான் மதகு வரைக்கும் உருண்டது.

"ரோடு ரெண்டா தெரிஞ்சுது. நல்ல ரோடுன்னு நெனச்சுத்தான் போனேன்" என்றேன்.

"நீங்க போனது மூணாவது ரோடு அத்தே" என்றாள்.

குறை என் இடது கண்ணில். முன்பு களத்தில் கதிரடிக்கும்போது நெல்மணி தெறித்துக் குத்தியது. ஆறிவிட்டது, ஆனால் கருவிழி மேடும் பள்ளமுமாகத் தழும்பேறிப் போனது. அதோடுதான் மடுகரையிலிருந்து வில்லியனூர் சந்தைக்கு நான் காய் கொண்டுபோய் விற்றேன். யாரிடமும் ஒரு கை உதவி கேட்டதில்லை. இப்போதுதான் அந்தக் கண் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் காட்டத் தொடங்கியது.

கண் டாக்டர் பார்த்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒரு திரை இருக்கிறதாம், அதில்தான் பார்வையாம். முன்னாலிருக்கும் தழும்பால் அந்தத் திரையைப் படம் பிடித்தால் புகை மூட்டமாக விழுகிறது என்றார். திரையில் உயிர் இருந்தால் கெட்டி லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்வையை நேராக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, தழும்பையும் மீறிப் படம் பிடிக்கும் புது மெஷின் வந்திருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்.

"உயிரு இருக்குதுன்னு மெஷின் சொல்லட்டும், சாவி உங்க கையில. இல்லன்னா வண்டிய வித்துடலாம்" என்றாள் மருமகள்.

போட்டோ என்றால் சும்மா போக முடியுமா? வெள்ளிக்கிழமை வேறு. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, வழக்கம்போல இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெய் விட்டு, பட்டுப் புடவை கட்டி, மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் ஓட்ட, என் வண்டியில் நான் பின்னால்!

"வாங்க ஆயா, இப்படி ஒக்காருங்க" என்றாள் மெஷினை இயக்கும் பெண்.

"யாரு ஆயா? வண்டி ஓட்டறவள பாத்து ஆயான்றியே!"

அவள் சிரித்துவிட்டு அம்மா என்று மாற்றிக்கொண்டாள். இடது கண்ணில் மட்டும் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்தாள். மேசை நிறையக் கண்ணாடிகள். நடுவில் விரல் நகத்தளவு ஒரு தட்டு. அதைத்தான் பெருமையாகக் காட்டினாள். தட்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொடிப் புள்ளிகளாம். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் படும் வெளிச்சத்தைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்புமாம். கண்ணிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எங்கெங்கே கோணியிருக்கிறதென்று முதலில் மெஷின் அளந்துகொள்ளும். பிறகு அந்தக் கோணலுக்கு எதிர்க் கோணலைத் தட்டு போடும். நாற்று நடுமுன் சேற்றில் பரம்பு ஓட்டி மேட்டைப் பள்ளத்தில் தள்ளுவோமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

மோவாயைத் தாங்கியில் வைத்துச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

"வருது... வருது... ஐயோ, போச்சு" என்றாள் அந்தப் பெண். திரும்பத் திரும்ப அப்படியே. நான் இமைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணின் கோணல் வேறாக மாறுகிறது, தட்டு ஒன்றுக்குச் சரிசெய்தால் அடுத்தது வந்துவிடுகிறது என்று தலையைச் சொறிந்தாள். வண்டி போச்சா?

அவள் என் கண்ணருகே குனிந்தாள். "கண்ணுல இன்னா போட்டீங்க?"

"விளக்கெண்ணெதான். வெள்ளிக்கெழமையாச்சே!"

மருமகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கும் அடக்க முடியவில்லை. "எண்ணெய்க்கு எதிரா எப்படிம்மா நான் தட்டு போடுறது? ஒவ்வொரு இமைக்கும் அது எடம் மாறுதே!"

உப்புத் தண்ணீரால் கண்ணைக் கழுவி, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எண்ணெய் அடங்கியதும் மறுபடி மோவாயை வைத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் திடீரென்று கத்தினாள்.

"அத்தே! கேவுரு! மொறத்துல கேவுரு கொட்டி வெச்சா மாதிரி இருக்குது!"

"ஒவ்வொரு மணியும் வெளிச்சம் வாங்கற ஒரு உயிரணு. நல்லாவே இருக்கு. அம்மா, அசையாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அசையாமல் எப்படி இருப்பது? வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. நான் சிரிக்கச் சிரிக்கக் கேழ்வரகு முழுவதும் கம்ப்யூட்டரில் குதிக்கிறதென்று மருமகள் கைதட்டினாள். ஒருவழியாகப் படம் பிடித்தபிறகு வலது கண்ணால் நானும் பார்த்தேன். முதலில் எடுத்தது ஈரத்துணியில் தீற்றிய சாம்பல் மாதிரி. தட்டு சரிசெய்த பிறகு எடுத்ததில் நெருக்கமாக, பளிச்சென்று, மணிமணியாக. இத்தனை நாளாக என் தலைக்குள் இப்படி ஒரு விளைச்சலா!

வெளியே வந்ததும் மருமகள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவி என் உள்ளங்கையில் விழுந்தது. விரிந்த கண்ணுக்கு வெயிலில் அதுவே ஒரு மத்தாப்பு.

"லென்ஸ் வெச்ச அப்புறம்தான் ஓட்டணும், சொல்லிட்டேன்" என்றாள்.

"தெரியும்டி. இந்தா, இன்னிக்கு நீ ஓட்டு. நான் குடுத்து நீ ஓட்டற, ஞாபகம் வெச்சுக்க."

திரும்பும் வழியெல்லாம் எதிரே வந்த வண்டிகளின் கண்ணாடியில் ஒரே பூவாணம். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மெதுவாப் போடி, வைக்கோல் போரு வருது!"