நான்கு பூபுகளுக்கு ஓர் உரிமம்

எங்கள் எஸ்டேட்டின் கிழக்கு எல்லையில் ஓர் ஆறு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கெல்லாம் கோலாலம்பூரிலிருந்து கார்கள் வந்து அதன் கரையில் வரிசையாக நிற்கும். இறங்குகிறவர்கள் முழங்கை வரை உறை மாட்டி, கழுத்தை மூடும் துணி கட்டி, ஏதோ அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களைப் போல ஆற்றை நெருங்குவார்கள். மீன் மாட்டியதும் கோடு போட்ட பாயில் கிடத்தி நீளம் பார்ப்பார்கள். சின்னத் தராசில் எடை பார்ப்பார்கள். பிறகு அதன் வாயில் ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பவும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். முதல்முறை இதைப் பார்த்த அன்று என் குறிப்பேட்டில் மூன்று வரி எழுதினேன். மறுநாள் வாசித்தபோது நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் எழுதினேன். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். அங்கே மீனை முத்தமிடுகிறவனை யாரும் கேலி செய்யமாட்டார்கள். கோடாங்கியிடம் கூட்டிப் போவார்கள்.

இதில் எனக்கு வயிறு எரிவது முத்தத்துக்காக அல்ல. ஒற்றைத் தூண்டிலோடு வரும் இந்த முத்தக்காரர்களுக்கு அரசாங்கத்திடம் எந்த அனுமதியும் வேண்டாமாம். கூடு வைத்துப் பிடித்து, விற்று, சோறு பொங்குகிறவன்தான் ஆண்டுதோறும் உரிமம் வாங்க வேண்டும். பொழுது போகாதவனுக்கு ஆறு இலவசம், பசித்தவனுக்குப் படிவம். மாவட்ட அலுவலகத்தில் என்னிடம் இப்படித்தான் சொன்னார்கள், நல்ல மரியாதையோடு.

எனக்கென்று இந்த விவகாரத்தில் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ராமையா அண்ணனுக்குத்தான் இருந்தது. அறுபத்து மூன்று வயது. இந்த எஸ்டேட்டின் பழைய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் நீள அரிவாளால் செம்பனைக் குலை வெட்டியவர். தோள் இப்போது மேலே எழாது. குலை வெட்ட வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவின் லொம்பொக்கிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு மிஞ்சியது நான்கு பூபுகள். மூங்கில் சட்டத்தில் கம்பிவலை சுற்றிய கூடு, உள்ளே போன இறால் வெளியே வராது. அதைத்தான் இங்கே பூபு என்கிறார்கள். அதில் விழும் ஆற்று இறாலைப் பக்கத்து டவுனான பகாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் எடுத்துக்கொள்வார். அண்ணனும் அவர் மனைவியும் சாப்பிடுவது அதில்தான். அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் வண்டியில் வந்தார்கள். நான்கு பூபுகளையும் தூக்கிக் கரையில் வைத்து லெசென், அதாவது உரிமம், கேட்டார்கள். அண்ணன் சிரித்திருக்கிறார், இத்தனை வருஷத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. மாதக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை பூபுகளை எடுத்துப்போவோம், கோர்ட்டுக்கும் வரவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். நான் எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. காகிதம் சம்பந்தப்பட்ட எதுவும் என் இலாகா என்பது இந்த எஸ்டேட்டின் முடிவு.

"கிராணி, ஆத்துக்கும் லெசென் வேணுமாம்லா. இனி மழைக்கும் கேப்பானுங்க."

என் மனைவி சரோஜா உள்ளிருந்தபடியே சொன்னாள்: "மழைக்குக் கேட்டா இவருதாண்ணே மொத ஆளா ஃபாரம் வாங்கிட்டு வருவாரு."

அவள் சொன்னது உண்மை. இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் சிரம்பானில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கெழுத வந்தேன். தீபாவளிக்குச் சேலை எடுக்க வந்த எஸ்டேட் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய ஒவ்வொரு தாளும், விசா முதல் சிவப்பு அடையாள அட்டை வரை, ஒரே உறையில் வரிசை மாறாமல் இருக்கிறது. அந்நிய நாட்டில் இருப்பவன் தாளோடுதான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

கட்டணத்தைத் தொலைபேசியில் விசாரித்தேன். ஒரு பூபுவுக்கு ஒரு வருஷத்துக்கு, ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும், நம்மூர்க் கணக்கில் ஒரு பரோட்டாவும் டீயும், ஆகிற அளவுகூட இல்லை. இருவரும் சிரித்தோம். அவசரப்பட்டுச் சிரித்தோம். கட்டணம் குறைவாக இருந்தால் தேவைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையின் இருபக்க நகல், இரண்டு புகைப்படம், பூபுவின் நீளம், வாயின் அகலம், கம்பிக் கண்ணின் அளவு, வைக்கும் இடத்தின் வரைபடம், இவற்றோடு வசிப்பிடத்துக்கு எஸ்டேட் நிர்வாகத்தின் கடிதம்.

நான் அளவுநாடாவோடு உட்கார்ந்தேன். அண்ணன் ஒவ்வொரு பூபுவாகத் திருப்பிக் காட்டினார்.

"சட்ட தைக்கப் போறீங்களா கிராணி? தோளு கொஞ்சம் லூசா வைங்க."

கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. மேனேஜர் இளவயதுக்காரர், ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் தயங்குகிறவர். மரங்கள் கம்பெனியுடையவை, ஆறு மாநிலத்துடையது, ஆகவே ஆற்றைப் பற்றி நான் எழுதமுடியாது என்றார். ஆற்றைப் பற்றி வேண்டாம், அண்ணன் இங்கே வசிக்கிறார் என்று எழுதுங்கள் என்றேன். அதில்தான் வில்லங்கம். ஓய்வு பெற்றவர் கம்பெனி வீட்டில் 'வசிக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அந்த வீட்டையே கேட்டால் என்ன செய்வது? கடைசியில் வந்த கடிதத்தில், மேற்படி நபர் இந்தத் தோட்டத்தில் காணப்படுகிறார் என்றிருந்தது. புலியைப் பற்றித்தான் அப்படி எழுதுவார்கள். இங்கே பிறந்து இங்கேயே உழைத்த மனிதரும் காணப்படத்தான் செய்கிறார்.

ஒரு வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அண்ணனை மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் நாற்பது வயது மலாய்க்காரர், சிரித்த முகம். நான் புத்தகம் பார்த்துக் கற்ற என் மலாயில் வந்த விஷயத்தை முறையாக ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக, மெதுவாக, காது கேளாதவனிடம் பேசுவதுபோல எனக்குப் பதில் சொன்னார். அப்போது அண்ணன் குறுக்கே புகுந்தார். எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானின் கிராமத்து மலாய் தனி ருசி. கோலாலம்பூர்க்காரனுக்கே பாதிதான் புரியும். "டென்", "எக்காவ்" என்று ஆரம்பித்தார் அண்ணன். நான், நீ என்று பொருள். கவுண்டர்க்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் இறால் எந்த வளைவில் ஒதுங்கும், பூபுவுக்குள் தேங்காய்த்துண்டு நல்லதா மரவள்ளி நல்லதா என்று வாக்குவாதமே நடந்தது. நடுவில் அவர் என் பக்கம் விரலைக் காட்டி, அண்ணனை மாமா முறை வைத்து அழைத்துக் கேட்டார்: "பாக்சிக், இவர் உங்க விருந்தாளியா? இந்தியாவிலிருந்தா?"

"ஆமா, ஊர்க்காரரு. ஆனா நல்லவரு," என்றார் அண்ணன். இந்தியாவிலிருந்து வந்தவனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அட்டையைக் கேட்டார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். பச்சை. கறுப்புவெள்ளை நகலில் அந்த நிறம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாயகத்து வாசகருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் குடிமகனுக்கு நீல அட்டை. என்னைப்போல் நிரந்தரவாசம் கிடைத்தவனுக்குச் சிவப்பு. தற்காலிகமாகத் தங்கியிருப்பவனுக்குப் பச்சை. அண்ணன் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா பிறப்பைப் பதியவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்த பேரேடு, தோட்டம் கைமாறியபோது எங்கே போனதென்று தெரியாது. ஆகவே அவர் அறுபத்து மூன்று வருஷமாகத் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறார்.

கவுண்டர்க்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். அதுவரை ஊர்ப்பேச்சில் இருந்தவர் அந்தக் கணத்தில் புத்தக மலாய்க்கு மாறினார். பாக்சிக் போய் 'ஐயா' வந்தது. வருந்துகிறேன் ஐயா, இந்த உரிமத்துக்கு ஐயா விண்ணப்பிக்க இயலாது. எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் கோபப்படாமல் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் என்ற பொடி எழுத்தின்மேல் பேனா முனையை வைத்தார். பிறகு என் உறைக்குள் தெரிந்த அட்டையைப் பார்த்தார்.

"உங்களுடையது சிவப்பா? அப்படியென்றால் நீங்கள் எடுக்கலாம். இவரைப் பெம்பாந்து என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளுக்கு அட்டை எண் வேண்டாம், பெயர் போதும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். வழி காட்டிய நிறைவுகூட அவர் முகத்தில் தெரிந்தது. நான் இறாலை உரித்த நிலையில்தான் அறிவேன் என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஊரில் இதெல்லாம் கிடையாது, ஆறு குளம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்று இங்கே மேடைதோறும் பேசுகிற நம்மவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்றை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத்துண்டை வீசினால் சனம் கூடையும் ஊத்தாவுமாக உள்ளே பாயும். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே பாய்வது தலைக்கட்டு வரி கொடுத்த வீட்டுக்காரர்கள். கண்மாய்க்குத் தெற்கே குடியிருந்தவர்களிடம் வரியே வாங்குவதில்லை. வாங்கினால் அவர்களும் ஊராகிவிடுவார்கள் அல்லவா. அவர்கள் வெறும் கூடையோடு கரைமேல் நின்று, எல்லாரும் பிடித்து முடித்தபின் சேற்றில் மிச்சத்தைத் தேடுவார்கள். எந்த வீடு உள்ளே, எந்த வீடு வெளியே என்ற பட்டியலைப் பதினேழு வயதில் நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. ஒரு பெயரைக்கூட நான் தப்பாகச் சேர்த்ததில்லை. அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான்தான் பேச்செடுத்தேன். மேல்முறையீடு செய்யலாம், கடிதம் எழுதலாம், நான்கு இடங்களுக்கு நகல் அனுப்பலாம் என்றேன்.

"எழுதுங்க. பதில் வர்றதுக்குள்ள பூபுவ தூக்கிட்டுப் போயிடுவான்லா," என்றார். சிறிது தூரம் போனபின் சொன்னார்: "உங்க பேர்லயே எடுத்துருங்க கிராணி. யாரு பேருல இருந்தா என்ன, பூபுவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கு ஒரு மாதிரி இருக்குண்ணே."

"உங்களுக்கு என்ன. தண்ணியில நான்தானே நிக்கப்போறேன்."

உரிமம் பத்து நாளில் வந்தது. அதில் நான் மீன்பிடிப்பவன். அவர் பெம்பாந்து. நிபந்தனைகளை இரண்டு முறை படித்தேன். கூடு தூக்கும்போது உரிமம் பெற்றவர் நேரில் இருக்க வேண்டும். சரோஜா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஆத்துக்குப் போவணுமா? நீச்சல் தெரியாத மீன்காரரு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்," என்றாள். அன்று முதல் ஆலைக்குப் போகும் முன் ஆறே காலுக்கு ஆற்றங்கரையில் ஆஜராகிறேன். அண்ணன் மார்பளவு தண்ணீரில் இறங்குவார். நான் கரையில் நிற்பேன். இறால் கிடைத்தால் எண்ணிக் குறித்துக்கொள்வேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை.

மூன்றாவது வாரம் அதே அதிகாரிகள் வந்தார்கள். தாளை நீட்டினேன். படித்துவிட்டு எனக்குச் சலாம் சொன்னார்கள். மூத்தவர் என்னிடம், வெள்ள நாளில் எந்த வளைவில் வைப்பீர்கள் என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து அவர் மேல்வளைவைக் கண்ணால் காட்டினார். மேல்வளைவில் என்றேன். அதிகாரி தலையசைத்தார். அனுபவம் உள்ளவர் என்று இளையவரிடம் சொன்னார். பிறகு தண்ணீரைப் பார்த்து, "பெம்பாந்து, முதலாளி சொல்வதைக் கேட்டு நடந்துகொள்," என்றார். அண்ணன் சரி என்றார், புத்தக மலாயில்.

கோப்புக்கு ஒரு படம் வேண்டுமாம், உரிமக்காரர் கூட்டோடு நிற்க வேண்டுமாம். அண்ணன் கரையேறி, ஒரு பூபுவை என் கையில் கொடுத்தார். அதைப் பிடிக்கும் விதம் எனக்குத் தெரியவில்லை. அவரே என் விரல்களை எடுத்துச் சட்டத்தில் சரியான இடத்தில் வைத்தார். அதிகாரி கைப்பேசியை உயர்த்தினார். விலகி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. ராமையா அண்ணன் தானாகவே நான்கு எட்டு பின்னால் போய், படத்தில் விழாத தூரத்தில், மறுபடி தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டார். பூபுவிலிருந்து வழிந்த ஆற்றுநீர் என் சப்பாத்துக்குள் இறங்கியது. சிரிக்கச் சொன்னார்கள்.