குலதெய்வம் கேட்கிற லோகப்பிரியா

"ஏனுங்க, உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க?" என்று லோகப்பிரியா கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். கோயமுத்தூர்ப் பக்கம் இது சாதாரண விசாரிப்புதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடப் பேச்சோடு பேச்சாகக் கேட்பார். அவளும் அப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். "அப்படீங்களா! கோயில் நோம்பிக்கு எல்லாரும் போவீங்களா?" என்று ஒரு வார்த்தை கூட்டுவாள். அப்புறம் நேராகக் கம்ப்யூட்டர் லேபுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவாள். காபி ஆறுவதற்குள் உங்கள் பாஸ்வேர்டு அவள் கையில்.

நாங்கள் இருவரும் எம்.சி.ஏ. கடைசி வருடம். கல்லூரிக் கணினிகளின் பாதுகாப்பு பற்றிய புராஜெக்டைச் சேர்ந்து செய்கிறோம். சேர்ந்து என்பது சும்மா பேச்சுக்கு. டைப் அடிப்பதும், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிய்த்து எடுப்பதும், பைண்டிங் கடைக்கு அலைவதும் நான். சந்தேகப்படுவது மட்டும் அவள். ஃபிளாப்பியை யாராவது எடுத்துவிடுவார்களாம், அதனால் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் ஒளித்து வைத்தாள். ரசம் கொட்டி, நான் எழுதிய இரண்டு அத்தியாயமும் போயே போயிற்று. கத்தினேன். "கோவிச்சுக்காதீங்க பொற்கொடி, திருட்டுப் போகலைல்லங்க?" என்கிறாள். கூடப் படிக்கிறவளையே வாங்க, போங்க என்கிறவளிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

அவளுக்குச் சொந்த ஊர் பல்லடம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, எந்தத் தறி நின்றது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். அந்தக் காதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் யாராவது பாஸ்வேர்டு அடித்தால், "ஆறு எழுத்துங்களா?" என்று கேட்டு வைப்பாள். அவர் முகம் வெளுக்கும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

லேப் உதவியாளர் பிரான்சிஸ் மட்டும், "எங்களுக்குக் குலதெய்வமெல்லாம் இல்லீங்க அம்மணி" என்று சிரித்தார். நிம்மதியாக இருந்தது. விடுவாளா? "சரிங்கண்ணா, எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" அந்தோணியாரும் அகப்பட்டுக்கொண்டார்.

எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் நஞ்சுண்டன். ஆனைமலைக்காரர். பரீட்சைக் கேள்வித்தாள்களெல்லாம் அவருடைய கம்ப்யூட்டர் கணக்கில்தான் இருக்கின்றன. "எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க, நான் அனுமதி தர்றேன்" என்று சொன்னவரும் அவர்தான். அந்த எல்லாத்தில் தானும் அடக்கம் என்று அவர் நினைக்கவில்லை.

போன மாதம் ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் எங்கள் அறிக்கையைப் படித்தோம். யார் பெயரும் சொல்லாமல் பதவிசாக முடித்துவிட்டேன். அவர்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்னோடத மட்டும் திறக்க முடிஞ்சிருக்காதே?" என்றார். இல்லை சார் என்று ஒரு பொய் சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? லோகப்பிரியா எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்க ஊரு மாசாணியம்மனுங்க. உள்ள போகுதான்னு மட்டும் பார்த்துப்போட்டு உடனே வெளிய வந்துட்டனுங்க" என்றாள்.

அறையே சிரித்தது. அவர் அறிக்கையை மேசையில் வீசினார். "உங்களுக்குக் கையெழுத்துப் போட்டாப்லதான்!" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாய்மொழித் தேர்வு கிடையாது. தேர்வு இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு, பெங்களூரில் எனக்குக் கிடைத்திருக்கிற வேலையும் போச்சு.

ஒரு வாரம் அவர் அறை வாசலில் காத்துக் கிடந்தோம். உள்ளே கூப்பிட்ட அன்று அவளிடம் கெஞ்சினேன்: "தாயே, மன்னிச்சுக்குங்க சார்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே." சரியென்று தலையாட்டினாள். உள்ளே போனதும், "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். "மாத்திட்டீங்களாங்க?" என்றாள்.

"அன்னைக்கே மாத்திப்போட்டேன்" என்றார் அவர், வெடுக்கென்று.

அவள் பார்வை மேசைமேல் இருந்த படத்துக்குப் போனது. மொட்டையடித்துக் காது குத்திய பேத்தி. வேண்டாம், வேண்டாம் என்று அவள் காலை மிதித்தேன்.

"பாப்பா பேருங்களா சார்?"

என் பெங்களூர் வேலை ரயிலேறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பி, கீபோர்டை மடிக்கு இழுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார்.

லோகப்பிரியா ஏற்கெனவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். என் துப்பட்டாவைப் பிடித்து என்னையும் திருப்பினாள். முதல் எழுத்தை அவர் தட்டியதும் இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் தட்டினார். அப்புறம் சத்தம் நின்றது. அறிக்கையின் பக்கம் புரண்டது, பேனா மூடி கழன்றது. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை, காதைப் பொத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.