வாசனை திரும்பிய சொட்டு

"சாயங்காலம் உன் மூக்கு சும்மாதானே இருக்கு?" என்று அண்ணி கேட்டார்.

"மூக்கா?"

"ஆமா. ஒரு மணி நேரம் கடன் குடு. என்னோடது ரிப்பேர்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் சிரித்தான். "பால் தீஞ்சு வீடே புகையா கிடந்தப்போ, 'என்னங்க, கண்ணு எரியுது'ன்னு சொன்னவ உங்க அண்ணி. இப்ப வாசனை ஆராய்ச்சியாம்!"

"நீங்க பேப்பரைப் படிங்க. அதுக்கு மூக்கு வேண்டாம்" என்றார் அண்ணி.

அண்ணி உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அமோனியா பாட்டில் திறந்து கிடப்பதை, மாணவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அதைச் சொல்லிச் சிரிப்பவரும் அவரே.

அப்படிப்பட்டவர் வாசனையைத் தேடியது ஒரு மாணவிக்காக. அவளுக்குப் பார்வை இல்லை. வாய் ஓயாததால் வகுப்பில் அவள் பெயர் ரேடியோ. அமிலத்தையும் காரத்தையும் கலந்து, இரண்டும் சரிக்குச் சரியாகும் சொட்டைக் கண்டுபிடிக்கும் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. காரத்தில் ஃபினாஃப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டால் இளஞ்சிவப்பாகும். அமிலம் சொட்டச் சொட்ட, ஒரு கட்டத்தில் அந்த நிறம் மறைந்துவிடும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். "பாவம், ஓரமா உட்காரட்டும். மார்க் போட்டுடலாம்" என்றார் தலைமையாசிரியர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எல்லாரும் செய்றப்ப நான் என்ன பண்ணணும் டீச்சர், கைதட்டணுமா?" என்று ரேடியோ கேட்டாளாம்.

அண்ணி தலைமையாசிரியரிடம் வாதாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். அவர் கண்ணெதிரே ரேடியோ ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். தவறினால் ஓரம்தான்.

வெங்காயத்தின் வாசனை காரத்தில் அடங்கிவிடும், அமிலத்தில் அடங்காது என்று அண்ணி படித்திருந்தார். அன்று மாலை சமையலறையில் வெங்காயத்தைப் பொடியாக அரிந்தார். கண்ணீர் மட்டும் வழிந்தது. குடுவையில் காரத்தோடு அதைப் போட்டுக் குலுக்கி என்னிடம் நீட்டினார்.

"வருதா?"

"வருது அண்ணி."

இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தார். "இப்ப?"

"இப்பவும் வருது."

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்த் திரும்பியபோதுதான் வாசலிலேயே விஷயம் புரிந்தது.

"அண்ணி, குடுவை இல்ல. சமையல்கட்டே நாறுது. உங்க கையும்தான்."

பழக்கத்தில் அவர் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதை நான் எப்படிடி கண்டுபிடிப்பேன்?"

கை கழுவிக்கொண்டு குடுவையோடு மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே குடுவையிலிருந்து வாசனையே வரவில்லை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சட்டென்று வெங்காயம் வந்து நின்றது. கத்திவிட்டேன்.

பள்ளிக்கு என்னையும் அழைத்துப்போனார். வெங்காயம் அரிவது என் வேலை, அதுவும் வெளியே மரத்தடியில். அவர் கையோ ரேடியோவின் கையோ அதில் படக் கூடாதென்று கண்டிப்பு. ஆய்வகத்தின் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. தலைமையாசிரியர் பார்ப்பதற்காக, வெங்காயமும் காரமும் இருந்த குடுவையில் அண்ணி ஃபினாஃப்தலீனும் சேர்த்திருந்தார். ரேடியோவின் கையில், தடவி அளவறியத் தண்டில் வெட்டுக்குறிகள் போட்ட, அமிலம் நிரப்பிய ஒரு சிரிஞ்சு. ஒரு சொட்டு விடுவாள், குலுக்குவாள், குடுவையின் வாய்க்கு மேலே உள்ளங்கையை மெல்ல விசிறுவாள், இல்லையென்று தலையசைப்பாள். அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன் என்றார் அண்ணி பிறகு.

ஒரு சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பு சுழன்று, வெளுத்து, இல்லாமல் போனது. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அவள் வழக்கம்போலக் குலுக்கினாள், விசிறினாள், நின்றாள்.

"வந்துடுச்சு டீச்சர். இந்தச் சொட்டுதான்."

கண்ணுக்கு நிறம் போன அதே இடத்தில் அவளுக்கு வாசனை வந்திருந்தது. யார் எந்த வழியில் வந்தாலும் அந்த ஒரு சொட்டு தன் இடத்தில் அசையாமல் காத்திருந்திருக்கிறது.

தலைமையாசிரியர் குடுவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவளுக்கும் ஒரு மேசை போடுங்க டீச்சர்" என்றார்.

"ஓரமா வேண்டாம் சார், நடுவுல" என்றாள் ரேடியோ.

திரும்பும்போது பேருந்தில் அண்ணி என் பக்கம் சாய்ந்தார்.

"நிறம் போனதை நான் பார்த்துட்டேன். அன்னிக்கு மாடியில வாசனை வந்ததை நீ சொல்லேன். மெதுவா வந்துச்சா, பட்டுன்னு வந்துச்சா? ஒண்ணும் விடாம சொல்லும்மா."